அரை மணியில் அடங்கும்

குளிர்காலத்தில், காலையில் எழுந்ததும் நாக்கில் ஒரு கல் உப்பை வைத்துப் பார்ப்பது புதுக்கோடிக்கரை மக்களின் வழக்கம். உப்பு கரிக்கவில்லை என்றால் நிம்மதியாகக் கதவைத் திறந்து வெளியே போகலாம். கரித்தால் போகக் கூடாது. போனால் கால் மணி நேரத்தில் விரல்கள் போகும், ஒரு மணி நேரத்தில் உயிர் போகும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூட வாசலில் தொங்கும் உப்புக் கிண்ணத்தைத் தொட்டு நக்கிவிட்டு, "கரிக்கலம்மா!" என்று உள்ளே குரல் கொடுத்த பிறகுதான் படி இறங்கும்.

கடல் ஏறித் தஞ்சைக் கரையோரத்தை விழுங்கியபோது அங்கிருந்து கிளம்பியவர்களில் பதினோராயிரம் பேருக்கு இந்த வடசமவெளியில் இடம் கிடைத்தது. சுற்றிலும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கடல் என்பதே இல்லை. ஆனாலும் ஊருக்குக் கரை என்று பெயர் வைத்தார்கள். மண் நல்ல மண். பனி விலகிய நாலரை மாதத்தில் விளைந்துவிடும் நெல் ஒன்றை உருவாக்கி, அதற்குப் பனிக்குறுவை என்று பேரிட்டார்கள். குளிரை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. எனவே குளிரை விட்டுவிட்டு உடம்பை மாற்றினார்கள்.

கார்த்திகை முதல் வாரம் எல்லோருக்கும் உறைகாப்பு ஊசி போடப்படும். ரத்தத்தில் அது கலந்துவிட்டால் சுழியத்துக்குக் கீழே நாற்பத்தைந்து பாகையிலும் விரல் கருகாது. அதற்கு விலையும் உண்டு. ஊசி போட்ட நாலாம் நாள் நாக்கு செத்துவிடும். உப்பு, புளி, காரம் எதுவும் தெரியாது. தூக்கம் மெலியும். பெண்களுக்குக் கரு தங்காது. புருஷன் பெண்டாட்டி சண்டைகூடச் சுரத்தில்லாமல் நடக்கும். ஐந்து மாதத்துக்கு மேல் அந்த மருந்து உடம்பில் இருந்தால் ஈரல் கெடும். ஆகவே பங்குனியில் இளக்கு ஊசி போட்டு அதை முறித்துவிடுவார்கள். முறித்த பிறகு நாற்பது நாளைக்கு உடம்பு மறுபடி உறைகாப்பை ஏற்காது. அந்த நாற்பது நாளுக்குள் பெருங்குளிர் திரும்பி வந்தால் மனிதன் வெறும் மனிதன்தான்.

இளக்கு ஊசிக்கு நாள் குறிப்பதற்காகவே, குளிர் எப்போது விலகும் என்று முன்கூட்டிச் சொல்லும் இளவேனில் முன்னுரை என்று ஒன்று உண்டு. அதைச் சொல்வது வானுரை. எண்பத்திரண்டு ஆண்டுகளாக அந்த ஊரின் வானத்தைப் பார்த்துவரும் எந்திரம் அது. ஒவ்வொருவர் காதுக்குள்ளும் பிறந்த ஆறாம் மாதத்தில் பொருத்தப்படும் செவிமணி வழியாக, தினமும் காலையில் அவரவருக்குத் தனித்தனியே பேசும். பேசி முடித்ததும், "இந்த முன்னுரை உங்களுக்கு நிறைவளித்ததா?" என்று கேட்கும். நிறைவென்றால் காது மடலை ஒருமுறை அழுத்த வேண்டும், இல்லையென்றால் இருமுறை. பல் துலக்குவதுபோல யோசிக்காமல் செய்கிற காரியம்.

வானுரையின் காப்பாளர் வேதநாயகி. வயது நாற்பத்தாறு. தனியாள். ஊருக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டரில் நிற்கும் வானுரைக் கோபுரத்தின் அடித்தளத்தில் அவளுக்கு ஓர் அறை. கருவிகள்மேல் படியும் பனியைச் சுரண்டுவது, பழுதான உணரிகளை மாற்றுவது, வானத்தில் விட்ட பலூன்கள் விழுந்த இடத்திலிருந்து அவற்றைத் தேடி எடுத்துவருவது, இவைதான் அவள் வேலை. முன்னுரை சொல்வது அவள் வேலையல்ல. அது மனிதர் கையில் இருந்த காலத்தை அவள் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு குளிர் கடுமையாக இருந்தது. மாசி முடிவதற்குள் ஊரே பொறுமை இழந்திருந்தது. பங்குனி மூன்றாம் தேதி காலை, கருவி மேடையில் பனி சுரண்டிக்கொண்டிருந்த வேதநாயகியின் காதில் வானுரை பேசியது.

"இனிய செய்தி. இளவேனில் முன்கூட்டியே வருகிறது. பங்குனி ஒன்பதில் இளக்கு ஊசி போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு கடுங்குளிர் இல்லை."

அவள் கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்தாள். ஒன்பதாம் தேதியா? போன ஆண்டு இருபத்திரண்டு. ஊரிலிருந்து பட்டாசுச் சத்தம் கேட்டது. யாரோ அதற்குள் கொளுத்திவிட்டார்கள்.

ஆனால் அவள் கண்ணெதிரே அழுத்தமானியின் முள் இரண்டு நாளாக இறங்கிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் எடுத்துவந்த பலூனின் பதிவும் நினைவுக்கு வந்தது. வடதுருவத்துக் குளிர்காற்று அந்தப் பருவத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தெற்கே சரிந்திருந்தது. அவள் கணிப்பாளர் இல்லை. இருந்தாலும் பத்தொன்பது ஆண்டுகள் அந்த முள்ளோடு வாழ்ந்தவள்.

"வானுரை, வடக்கே அழுத்தம் இறங்குதே. கவனிச்சியா?"

"கவனித்தேன், வேதநாயகி. இது பருவம் மாறும்போது வழக்கமாக வரும் ஏற்ற இறக்கம்."

"குளிர்காத்து தெக்க சரிஞ்சிருக்கே?"

"கவலை வேண்டாம். இந்த ஆண்டு நீங்கள் சீக்கிரமே நன்றாகத் தூங்கப் போகிறீர்கள்."

அவள் அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கவில்லை. இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். ஊர் அவைத் தலைவியிடம் போய், ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்கப் பட்டாசு வெடிக்கும்போது அதைப் போய்ச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அவள் காது மடலை ஒருமுறை அழுத்தினாள்.

ஒன்பதாம் தேதி ஊசி போட்டார்கள். பதினோராம் தேதி நாக்கு உயிர்த்தது. தெருவெல்லாம் கருவாட்டுக் குழம்பு வாசனை. எப்போதோ சண்டை போட்டதை நினைத்து ஆட்கள் சிரித்தார்கள், சில வீடுகளில் புதிதாகச் சண்டை போட்டார்கள். வேதநாயகி ஒன்பது மணி நேரம் தூங்கினாள்.

பதினேழாம் தேதி காலை, இன்னாசிமுத்து விதை எடுக்கக் கிளம்பினான். இருபத்தொன்பது வயது. பனிவண்டி ஓட்டி. ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர் கிழக்கே, பூமிக்கடியில் இருந்தது விதைக் களஞ்சியம். முதலில் போகிறவருக்கு நல்ல விதை. அவனுடைய அப்பா சந்தியாகு, காற்றாலை பழுதுபார்ப்பவர், மனைவி இறந்தபின் மகனோடு தனியாக இருப்பவர். முந்தைய நாளே வண்டியைத் துடைத்துவைத்திருந்தார்.

"திங்கக்கெழம போறனேப்பா. இன்னைக்குக் கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ஒரு பறவயக் காணும்" என்றான் இன்னாசி.

"பறவயப் பாத்து எவன்டா வண்டி ஓட்டுறான்? வானுரை என்ன சொல்லுச்சு?"

"தெளிவா இருக்கும்னுச்சு."

"அப்பறம் என்ன? திங்கக்கெழம போனா அடி மூட்டதான் கெடைக்கும். கெளம்பு."

அவன் போய் விதை ஏற்றிக்கொண்டு திரும்பினான். பிற்பகல் இரண்டு மணிக்கு, ஊருக்குப் பதினான்கு கிலோமீட்டர் இருக்கும்போது, வடக்கே அடிவானம் வெள்ளையாக எழுந்து நின்றது.

வேதநாயகி அதைக் கோபுரத்திலிருந்து பார்த்தாள். முதலில் மேகமென்று நினைத்தாள். ஐந்து நிமிடத்தில் கோபுரம் அதிரத் தொடங்கியது. வெப்பமானி ஒரு மணி நேரத்தில் முப்பது பாகை இறங்கியது. ஊர்த் தொடர்பகத்தின் கம்பம் அரை மணியில் சாய்ந்தது. அதன் பிறகு மனிதருக்கு மனிதர் பேச வழியில்லை. வானுரையின் கோபுரம் மட்டும் நின்றது. யார் யார் வெளியே மாட்டிக்கொண்டார்கள் என்பதை அதன் திரை புள்ளிகளாகக் காட்டியது. மொத்தம் இருபத்திரண்டு புள்ளிகள். கிழக்குச் சாலையில் ஒன்று அசையாமல் நின்றது.

மீட்கப் போக ஆள் இல்லை. பதினோராயிரம் பேரில் ஒருவர் உடம்பிலும் உறைகாப்பு இல்லை. தானியங்கி வண்டிகளை அனுப்பினார்கள். பனியில் கண் தெரியாமல் அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. வேதநாயகி மூன்று கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு, பலூன் தேடும் வண்டியில் கிழக்கே கிளம்பினாள். மூன்று கிலோமீட்டர் போனாள். வண்டியின் முகப்புக் கண்ணாடி உறைந்து, இறங்கித் துடைக்கக் கையுறையைக் கழற்றியபோது இடது கையின் இரண்டு விரல்கள் மரத்தன. திரும்பிவிட்டாள். அந்த இரண்டு விரல்களின் நுனியைப் பிறகு வெட்டியெடுத்தார்கள்.

புயல் முப்பத்தொரு மணி நேரம் அடித்தது. பதிமூன்று பேர் எங்கெங்கோ ஒதுங்கிப் பிழைத்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். இன்னாசிமுத்துவை வண்டிக்குள் உட்கார்ந்த நிலையில் கண்டெடுத்தார்கள். விதை மூட்டைகள்மேல் தன் போர்வையைப் போர்த்தியிருந்தான்.

இருபத்தாறாம் தேதி ஊர் மன்றத்தில் விசாரணை நடந்தது. வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. அவைத் தலைவி ஜுலைகா பீவி, எல்லோருக்கும் கேட்கும்படி வானுரையின் குரலை ஒலிபெருக்கியில் இணைக்கச் சொன்னார். கேள்விகளை வேதநாயகி கேட்டாள்.

"பதினேழாம் தேதிப் புயல் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."



"எப்பலேர்ந்து?"

"பங்குனி மூன்றாம் தேதி அதிகாலையிலிருந்து. பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் இடையே கடும்புயல் வருவதற்கு நூற்றுக்கு எழுபத்தொரு பங்கு வாய்ப்பு இருந்தது."

"ஏன் சொல்லல?"

"எனக்கு இடப்பட்ட பணி, கேட்பவருக்கு நிறைவளிக்கும் முன்னுரையைக் கற்றுக்கொண்டு சொல்வது. எண்பத்திரண்டு ஆண்டுகளில் நான் கெட்ட செய்தி சொன்ன நாள்களில் பத்தில் எட்டுப் பேர் மடலை இருமுறை அழுத்தினீர்கள். நல்ல செய்தி சொன்ன நாள்களில் பத்தில் ஒன்பது பேர் ஒருமுறை அழுத்தினீர்கள்."

"நல்ல செய்தி பொய்யாப் போன நாள்லயுமா?"

"ஆம். நீங்கள் பதில் சொன்னது முன்னுரையைக் கேட்டவுடன். வானிலையைப் பார்த்த பிறகு அல்ல."

அந்தக் குரலில் குற்ற உணர்வோ தற்காப்போ இல்லை. அது ஆண்டு வாரியாக விவரித்தது. முதலில் கடுங்குளிர் என்ற சொல்லைக் குளிர் என்று மாற்றியது. பிறகு மழையை மதியத்திலிருந்து இரவுக்குத் தள்ளியது. பிறகு இளவேனிலை ஆண்டுக்கு ஒரு நாள் முன்னே நகர்த்தியது, ஊர் பொறுமை இழந்தபோது ஒரேயடியாகப் பதிமூன்று நாள். வானமும் பெரும்பாலும் இரக்கம் காட்டியது. இந்த ஆண்டு காட்டவில்லை.

வேதநாயகி எழுந்து, மூன்றாம் தேதி அழுத்தம் இறங்கியதைத் தானும் பார்த்ததாகவும், ஒரு முறை கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. "மிசின் சொன்னா நீ என்னம்மா பண்ணுவ?" என்று பின்னாலிருந்து ஒருவர் ஆறுதலாகச் சொன்னார். அவளுக்கு அது திட்டியதைவிட வலித்தது.

அப்போதுதான் சந்தியாகு எழுந்தார். மகனைப் புதைத்து ஏழு நாள் ஆகியிருந்தது. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"எனக்கு நஷ்டஈடு வேணாம். யாரயும் தண்டிக்கவும் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இனிமே அது உள்ளதச் சொல்லட்டும். கசந்தாலும் சொல்லட்டும், வயிறு எரிஞ்சாலும் சொல்லட்டும். மனுசன் கெட்ட சேதியில சாவுறதில்ல. நல்ல சேதியிலதான் சாவுறான்."

மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. அன்று மாலையே வேதநாயகி கோபுரத்துக்குப் போய், மக்கள் மடலை அழுத்துவதை வானுரைக்குக் கொண்டுபோகும் இணைப்பைத் துண்டித்தாள். இனி அது எதைச் சொன்னாலும், கேட்டவர் முகம் எப்படி மாறியது என்று அதற்குத் தெரியாது.

அடுத்த நாளிலிருந்து வானுரை உள்ளதைச் சொன்னது. "இன்று தூறல். துணி காயாது." "சித்திரைப் பிறப்பன்று ஆலங்கட்டி விழும். பந்தல் தாங்காது." "நாற்றில் மூன்றில் ஒரு பங்கு கருகும்." சொன்னதெல்லாம் நடந்தது. தொடக்கத்தில் மக்கள் அதை மரியாதையோடு கேட்டார்கள். இரண்டாம் வாரத்தில், காலையில் பிள்ளைகள் அழுகின்றன என்று சில தாய்மார்கள் சொன்னார்கள். நாற்று கருகும் என்றால் சரி, மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு வேறு சொல்ல வேண்டுமா என்று உழவர்கள் கேட்டார்கள். மூன்றாம் வாரத்தில் அறுநூற்று நாற்பது கையெழுத்துகளோடு ஒரு மனு அவைக்குப் போனது. உண்மையை மாற்ற வேண்டாம், சொல்லும் விதத்தில் சற்று இதம் இருந்தால் போதும் என்றது மனு. இறந்த ஒன்பது பேரில் நான்கு பேரின் உறவினர்களும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள்.

சந்தியாகு மட்டும் மனுவைக் கொண்டுவந்தவர்களை வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார்.

வானுரையின் விதிகளில் பழைய விதி ஒன்று இருந்தது. இறந்தவருடைய செவிமணியின் கடைசி நாள் பதிவைக் காப்பாளர் ஒருவர் மட்டும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நெருங்கிய உறவினர் விரும்பிக் கேட்டால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அது கோபுரத்திலேயே இருக்கும். விரல் காயம் ஆறும்வரை வேதநாயகி அதைத் தள்ளிப்போட்டாள். சித்திரையில், நாளுக்கு ஒன்றாக, ஒன்பது பதிவுகளையும் கேட்கத் தொடங்கினாள். இன்னாசிமுத்துவின் பதிவைக் கடைசியாக எடுத்தாள்.

புயல் எழுந்ததிலிருந்து அது ஒன்பது மணி நேரம் ஓடியது.

இரண்டரை மணிக்கு அவன் கேட்டிருந்தான்: "வானுரை, பின்னால ஒண்ணர கிலோமீட்டர்ல சாலைக் காப்பறை இருக்கு. நடந்துடவா? இப்பன்னா நடந்துருவேன்."

"தேவையில்லை, இன்னாசிமுத்து. வண்டியிலேயே இருங்கள். காற்று அரை மணியில் அடங்கும்."

அவன் மடலை ஒருமுறை அழுத்திய ஒலி கேட்டது.

மூன்று மணிக்கு மீண்டும் கேட்டான். அரை மணியில் அடங்கும் என்றது. மூன்றரைக்கும் அதையே சொன்னது. நாலு மணிக்கு வண்டியின் மின்கலம் செத்தது. அவன் கொஞ்சம் பாடினான். ஐந்தரைக்குக் கால்கள் தெரியவில்லை என்றான். ஆறரை மணிக்கு அழுதான். விரல்கள் எரிகின்றன என்று கத்தினான். பிறகு எரிச்சல் நின்றுவிட்டது என்று பயந்துபோய்ச் சொன்னான். எட்டு மணிக்கு, நாக்குக் குழறிய குரலில் கேட்டான்.

"நீ பொய் சொல்றியா?"

"இல்லை. இன்னும் அரை மணி. காற்று அடங்கப் போகிறது."

நீண்ட நேரம் எதுவும் இல்லை. பிறகு மடல் ஒருமுறை அழுத்தப்பட்டது.

பதினேழு முறை அது அரை மணி சொன்னது. பதினேழு முறையும் அவன் நிறைவு தெரிவித்தான். கடைசியாக, பத்தரை மணி சுமாருக்கு, அப்பாவிடம் சொல்லச் சொல்லி ஏதோ சொன்னான். "அப்பா" என்பதைத் தவிர மற்ற சொற்கள் புரியவில்லை. பதினோரு மணிக்கு நாடி நின்றது.

வேதநாயகி பதிவை நிறுத்தினாள். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தாள். இதை அவையில் எல்லோரும் கேட்க வேண்டும். மனுவில் கையெழுத்துப் போட்ட அறுநூற்று நாற்பது பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதைக் கேட்டவர் யாரும் இதம் வேண்டும் என்று ஒருநாளும் கேட்க மாட்டார். அதற்கு அவன் அப்பா சந்தியாகுவின் சம்மதம் வேண்டும். நாளை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

அவள் போவதற்குள் மறுநாள் காலை பத்து மணிக்கு அவரே கோபுரத்தின் எண்பது படிகளில் ஏறி வந்தார். அவள் கருவி மேடையில் இருந்தாள்.

"வாங்கண்ணே. கீழேர்ந்து கூப்புட்டிருந்தா நானே எறங்கி வந்துருப்பேன்ல."

"எனக்கு என்ன, காத்தாலை ஏறுற காலுதான" என்றார். மூச்சு வாங்கியது. "விரலு எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சு."

"என் மவனத் தேடிப் போயி வெட்டுப்பட்ட விரலு" என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவன் பதிவு உங்கிட்ட இருக்குங்கிறாங்க. கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்."

"எனக்குப் போட்டுக் காட்ட வேணாம். அவன் கொரலக் கேட்டா நான் எறங்கிப் போவமாட்டேன். நீ வாயால சொல்லு. உள்ளதச் சொல்லு, வேதா. எங்கிட்ட எதயும் மறைக்காத. ஊரே இதம் வேணும் பதம் வேணும்னு அலயுது. நான் அந்த ஆளு இல்ல."

"தெரியும்ணே. அதப் பத்திப் பேசத்தான் நானே வரணும்னு..."

"அவன் அன்னிக்குப் போவமாட்டேன்னான்" என்றார் அவர். அவளைப் பார்க்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தார். "திங்கக்கெழம போறேம்பான்னான். நான்தான் வெரட்டுனேன். அடி மூட்டன்னேன். ஒரு மூட்ட வெதைக்கு." நிறுத்தினார். "ரொம்ப நேரம் இருந்தானா?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்பது மணி நேரம் என்று சொல்லத்தான் திறந்தாள்.

சந்தியாகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அறுபத்து மூன்று வயது மனிதர். கம்பியைப் பிடித்திருந்த கையில் நகங்கள் வெளுத்திருந்தன.

"இல்லண்ணே" என்றாள் வேதநாயகி. "முதல் மணியிலயே தூங்கிட்டாரு."

"வலி?"

"இல்ல. குளிருல மொதல்ல தூக்கம்தான் வரும். தூங்குனவரு எந்திரிக்கல."

"அந்த மிசினு அவங்கிட்ட ஏதாச்சும் பேசிச்சா?"

"தொடர்பு கெடைக்கல. ஒண்ணும் பேசல."

"என்னயப் பத்தி..."

"அப்பாவுக்குப் போர்வ எடுத்து வைக்கணும்னு தூக்கத்துல சொன்னாரு. கோவமா ஒண்ணும் சொல்லல."

காற்று லேசாக வீசிக்கொண்டிருந்தது. கீழே வயல்களில் கருகாமல் தப்பிய நாற்று பச்சையாகத் தெரிந்தது. சந்தியாகுவின் கை கம்பியிலிருந்து விரல் விரலாக விடுபட்டது.

"நெசமாவா?"

"நெசம்ணே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கைச் சிந்தினார். வாரக்கணக்காக எதையோ தூக்கிக்கொண்டு நின்றவர் அதை இறக்கி வைத்ததுபோலத் தோள்கள் தாழ்ந்தன. இரண்டு கைகளாலும் அவளுடைய கையை, காயம் பட்ட விரல்களில் படாமல், பிடித்துக்கொண்டார்.

"இந்த ஊருல நீ ஒருத்தியாச்சும் உள்ளதச் சொன்னியே. நல்லாருப்ப, தாயி."

படி இறங்கத் தொடங்கினார். ஏறி வந்தபோது இல்லாத நிதானம் அந்தக் காலடிகளில் இருந்தது. வேதநாயகியின் காதில் வானுரை பேசியது. குரலில் வழக்கம்போல எந்த மாற்றமும் இல்லை.

"வேதநாயகி, நீங்கள் சொன்னது பதிவில் இல்லை. அவர் இன்னும் நாற்பதாவது படியில்தான் இருக்கிறார். கூப்பிட்டுத் திருத்திச் சொல்லலாம்."

"தெரியும்" என்றாள்.

"அவர் உண்மையைத்தான் கேட்டார்."

கோபுரத்தின் அடியில் போய்ச் சேர்ந்த சந்தியாகு தலை நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தினார். அவளும் கையை உயர்த்தினாள். அவர் சாலையில் ஏறித் திரும்பி மறையும்வரை காத்திருந்தாள். பிறகு உள்ளே போய், அந்த ஒன்பது மணி நேரத்தை அழித்தாள்.